லோ-போ ஹாக்கி ஸ்டிக்: இளம் ஃபார்வர்டுக்கு ஏற்றதா?

ஹாக்கியில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து கோலை நோக்கி எறியும் டிராக் ஃப்ளிக்கைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பெரும்பாலான பிள்ளைகள் லோ-போ ஸ்டிக் (வளைவின் உச்சம் தலைக்கு, அதாவது பந்தை அடிக்கும் கீழ்முனைக்கு, அருகே உள்ள ஸ்டிக்) கேட்கிறார்கள். 90 சதவீத கார்பன், 24 மில்லிமீட்டர் வளைவு கொண்ட வகை. பந்தை இழுத்து எறிய இது அருமையான ஸ்டிக். பந்து வளைவில் உட்கார்ந்து தலைவரை உருண்டு கிளம்பும். ஆனால் 12, 13 வயது ஃபார்வர்டு ஒரு மேட்சில் எத்தனை டிராக் ஃப்ளிக் அடிப்பார்? அவருக்கு கோல் வாய்ப்பைத் தருவது டிராப் (வரும் பந்தை அடக்குவது), ஜேப் (எதிராளியிடமிருந்து பந்தைக் குத்தி எடுப்பது), டிஃப்ளெக்‌ஷன் (வரும் பந்தைத் தொட்டுத் திசைதிருப்புவது). யாரும் தனியாக உட்கார்ந்து பழகாத இந்த மூன்றையும் வைத்தே இந்த ஸ்டிக்கை எடைபோட வேண்டும்.

டிராப்பில்தான் இது அதிகம் சறுக்குகிறது. கார்பன் கூடக் கூட ஸ்டிக் விறைப்பாகும். வேகமாக வரும் பந்து பட்டதும் தெறிக்கும். டி-க்குள் (கோலுக்கு முன் உள்ள அரைவட்டம்) ஒரு மீட்டர் தெறித்தாலே அது டிஃபெண்டரின் பந்து. வலது கையை ஸ்டிக்கின் நடுப்பகுதிவரை இறக்கி, பிடியைத் தளர்த்தி, கைப்பிடியைப் பந்து வரும் பக்கம் சாய்த்து, தொடும் நொடியில் ஸ்டிக்கைக் கொஞ்சம் பின்னால் விட்டுக்கொடுத்தால் பந்து அடங்கும். வலது கை இறுகினால் அடங்கவே அடங்காது. இதே வேலையை 30 முதல் 50 சதவீத கார்பன் உள்ள ஸ்டிக்கில் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஜேப்புக்கு வளைவு ஒரு பொருட்டல்ல, எடைதான் முக்கியம். இடது கையால் கைப்பிடியின் நுனியைப் பிடித்து, ஸ்டிக்கை ஏறக்குறையத் தரையோடு படுக்கவைத்து, முகம் மேலே பார்க்க, டிஃபெண்டர் பந்தை அடக்கும் அந்தக் கணத்தில் குத்தி இழுக்க வேண்டும். தலைப்பக்கம் கனத்த ஸ்டிக் என்றால் மணிக்கட்டு தாழ்ந்து, குத்து தாமதமாகும். பந்துக்குப் பதில் கால் அடிபட்டு ஃபவுல். விதிப்படி ஸ்டிக் 737 கிராம்வரை இருக்கலாம். சிறுவர்களுக்கு 530 கிராமைத் தாண்ட வேண்டியதில்லை. வாங்கும் முன் ஒரு விரலில் கிடத்திப் பாருங்கள்: சமநிலைப் புள்ளி தலையை நெருங்க நெருங்க ஜேப் சிரமம்.

டிஃப்ளெக்‌ஷனில் இது மதிப்பெண் வாங்குகிறது. வீசவே கூடாது, ஸ்டிக்கை முன்கூட்டியே தரையில் ஊன்றி, இரண்டு கையும் உறுதியாக, முகத்தைச் சற்றே மல்லாத்தி வைத்தால் போதும், பந்தின் வேகமே மிச்சத்தைச் செய்யும். வளைந்த முகம் பந்தை எளிதாக மேலே ஏற்றிவிடும். பெனால்டி கார்னரில் (டிஃபெண்டரின் தவறுக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால் 460 மில்லிமீட்டருக்குமேல் கோல்கோட்டைத் தாண்டக் கூடாது. டிஃப்ளெக்‌ஷனுக்கு, ஆபத்தில்லாதவரை, அந்த வரம்பு இல்லை. ஆனால் இதே குணம் ஹிட்டில் வினையாகிறது: தட்டையாக அடிக்க நினைத்த பந்தும் கிளம்பி, ஆபத்தான பந்து என்று விசில் ஊதப்படும்.

வளைவைக் கடையிலேயே அளந்துவிடலாம். சமதளத்தில் தட்டையான முகம் கீழே இருக்கக் கிடத்தி, இடைவெளி அதிகமாக உள்ள இடத்தில் ஸ்கேல் வையுங்கள். 25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த இடம் தலையின் அடியிலிருந்து 200 மில்லிமீட்டருக்குள் வரவும் கூடாது. 300 மில்லிமீட்டர் அருகே இருந்தால் அது மிட்-போ. 15 வயதுக்குட்பட்ட ஃபார்வர்டுக்கு அதையே எடுங்கள். கார்னரில் டிராக் ஃப்ளிக் பொறுப்பு உறுதியாகக் கைக்கு வந்தபின் லோ-போவுக்கு மாறலாம்.