18,500 ரூபாய் செராமிக் கோட்டிங்: காசு பாட்டிலுக்கா, பாலிஷுக்கா?

போன வருடம் ஏப்ரலில் என் காருக்கு செராமிக் கோட்டிங், அதாவது பெயிண்டுக்கு மேல் பூசும் மெல்லிய சிலிக்காப் பூச்சு, போட்டேன். ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். போட்ட மறுநாள் எழுதினால் எல்லாருமே ஐந்து ஸ்டார்தான் கொடுப்பார்கள், வண்டி அப்படி மின்னும். கோயம்புத்தூரில் ஒரு டீட்டெய்லிங் கடை, வண்டியைக் கழுவி பாலிஷ், கோட்டிங் எல்லாம் போட்டுத் தருகிற இடம். பெயர் வேண்டாம், நல்லதும் கெட்டதும் கலந்து சொல்லப்போகிறேன். வண்டி கருநீல ஹேட்ச்பேக், நாலு வயது. அதன் பெயரும் வேண்டாம், சொன்னால் ஷோரூம் எது என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், ஷோரூமைப் பற்றியும் கொஞ்சம் புலம்ப வேண்டியிருக்கிறது.

புலம்பலை முதலில் முடித்துவிடுகிறேன். வண்டி எடுத்தபோதே ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் என்று 5,500 ரூபாய் தலையில் கட்டினார்கள். ரெண்டு மாதம் தண்ணீர் உருண்டு ஓடியது, மூன்றாவது மாதம் பழையபடி ஒட்டிக்கொண்டு நின்றது. கேட்டால், "ஆறு மாசத்துக்கு ஒருக்கா போட்டுக்கணுங்க சார்" என்றார்கள். சரி, போகட்டும்.

கருநீல வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். எல்லாம் நாமே போட்டது. வாட்ச்மேன் ஒரே வாளித் தண்ணீரில், ஒரே பழைய பனியன் துணியில் மூன்று கார் துடைப்பார், முதல் காரின் மண் மூன்றாவது காரில் உப்புத்தாள் வேலை செய்யும். போதாததற்கு அவிநாசி சாலையில் மேம்பால வேலை நடந்த வருடங்களில் தினமும் அதே வழியில் ஆபீஸ் போய் வந்த வண்டி இது. தூசியை உலர்ந்த துணியால் தட்டிவிடும் பழக்கம் எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை.

கடைக்குப் போனதும் முதலில் வித்தை காட்டினார்கள். கோட்டிங் போட்ட ஒரு பானெட் தகட்டை வைத்து லைட்டரைப் பற்றவைத்து மேலே காட்டினார் முதலாளி. மார்க்கரில் கோடு போட்டுத் துடைத்தார். "9எச் ஹார்ட்னஸ் சார், கீறலே விழாது" என்றார். அந்த லைட்டர் வித்தையில் எனக்கு சந்தேகம் வந்து, டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் போய் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கார்க் கதவில் அதே மாதிரி ரெண்டு மூன்று நொடி காட்டிப் பார்த்தோம். கோட்டிங் எதுவும் இல்லாத கதவு, லேசாகக் கரி படிந்தது, துடைத்தால் போய்விட்டது. தகடு சூட்டை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டு வண்டியில் செய்து பார்க்காதீர்கள்.

9எச் விஷயம் அதைவிட சுவாரசியம். இந்த 9எச் பென்சில் கணக்கு. எச்பி, 2எச், 4எச் என்று வரைபடம் போடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதே பென்சில். பெயிண்ட் மேல் ஒரே அழுத்தத்தில் பென்சிலைத் தள்ளிப் பார்ப்பார்கள், எந்த எண் வரை கீறவில்லையோ அது அந்தப் பூச்சின் கடினம். அந்த வரிசையில் கடைசிப் பென்சில் 9எச். ஆனால் பென்சில் என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த சமாச்சாரம். சாலை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் எந்தப் பென்சிலையும் விடக் கடினமானது. ஆகவே பென்சில் கீறாது, மணல் கீறும். சாவி கீறும். பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் ஹேண்டில்பார் நன்றாகவே கீறும், அதற்கு என் இடது பின்கதவு சாட்சி.

விலை 18,500, ஜிஎஸ்டி சேர்த்து 21,830. "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி இல்லாம முடிச்சிரலாமுங்க" என்றார்கள். நான் பில் வாங்கினேன், பில் இல்லாமல் வாரண்டிக் கார்டை வைத்துக்கொண்டு நாளைக்கு யாரிடம் போய் நிற்பது? கிராஃபீன் கலந்த கோட்டிங் என்று சொல்லி இன்னும் 6,000 கேட்டார்கள், வேண்டாம் என்றேன். பிபிஎஃப் (பெயிண்ட் புரொடெக்‌ஷன் பிலிம்) பற்றியும் விசாரித்தேன். வண்டி முழுக்கக் கண்ணாடி மாதிரி பிலிம் ஒட்டுவது. 95,000 சொன்னார்கள், டீயைக் குடித்துவிட்டு பேச்சை மாற்றினேன்.

ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்வது முக்கியம், கடைக்காரர்கள் இதைக் குழப்பியே விற்கிறார்கள். பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தடிமன் இருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பிலிம். முன்னால் போகிற லாரி தெறிக்கவிடும் ஜல்லியை அது தாங்கும். செராமிக் கோட்டிங் சுமார் ஒரு மைக்ரான், கூடினால் இன்னும் ஒன்றிரண்டு. நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். அந்தத் தடிமனில் இருக்கும் ஒன்று கல்லைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது உண்மையிலேயே நன்றாக இருந்த பகுதிக்கு வருகிறேன். வேலை செய்தது ஒரு தம்பி, இருபத்தி மூன்று, நாலு வயது இருக்கும். நான் லீவு போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு எழுத முடிகிறது. முதலில் ஷாம்பு வாஷ். அப்புறம் ஒரு திரவம் அடித்தார், அழுகிய முட்டை நாற்றம், ரெண்டு நிமிடத்தில் வண்டியிலிருந்து ஊதா நிறத்தில் கோடு கோடாக வழிந்தது. பயந்துவிட்டேன். "பிரேக் பேட்ல இருந்து வர்ற இரும்புத் தூளுங்கண்ணா, பெயிண்ட்ல போய் ஒட்டிக்கும், அதுதான் கரையுது" என்றார். பிறகு கிளே பார், நம் பிள்ளைகள் விளையாடும் களிமண் மாதிரி ஒரு கட்டி. சோப்புத் தண்ணீர் அடித்து அடித்து அதை பாடி முழுக்கத் தேய்த்தார். தேய்ப்பதற்கு முன் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார், நறநற என்று இருந்தது. தேய்த்தபின் கண்ணாடிக் கிளாஸ்.

அடுத்து பெயிண்ட் மீட்டர், பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி. ஒவ்வொரு பேனலிலும் வைத்துப் பார்த்து மாஸ்க்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டினார். பானெட் 112 மைக்ரான், கூரை 118, வலது முன்கதவு மட்டும் 260. "இந்தக் கதவு அடிபட்டு பெயிண்ட் பண்ணிருக்கீங்களாண்ணா?" என்றார். காந்திபுரத்தில் ஆட்டோ இடித்த கதை, என் மனைவிக்கே முழுதாகத் தெரியாதது, மீட்டருக்குத் தெரிந்துவிட்டது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்த மீட்டரோடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், மெக்கானிக்குக்கு அடுத்து உருப்படியான துணை.

அப்புறம் பாலிஷ். ஒன்றரை நாள். மிஷினில் முதலில் கம்பளி மாதிரி ஒரு பேட், பிறகு ஸ்பாஞ்ச் பேட், பிறகு அதைவிட மென்மையான ஸ்பாஞ்ச், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காம்பவுண்ட். ரெண்டடிக்கு ரெண்டடி சதுரமாகப் பிடித்து, மேலும் கீழும், பிறகு குறுக்கே. கையில் டார்ச் லைட் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சதுரத்தையும் பார்ப்பது, திருப்தி இல்லையென்றால் திரும்ப. கார் பெயிண்டின் மேல் நிறமே இல்லாத ஒரு கிளியர் கோட் இருக்கிறது, அதுவே மொத்தம் 40 மைக்ரான் அளவில்தான் இருக்கும். சிலந்தி வலைக் கீறல் எல்லாம் அதில்தான் விழுகிறது, பாலிஷ் என்பது அந்தக் கீறலின் ஆழம் வரை கிளியர் கோட்டைச் சீவி மட்டமாக்குவது. அதனால் இதை வருடா வருடம் செய்ய முடியாது. பின்கதவில் ஒரு ஆழமான கீறலை இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொன்னேன். "இதுக்கு மேல தேச்சா பெயிண்ட்டு எடுத்துக்குமுங்கண்ணா, இது இருந்துட்டுப் போகட்டும்" என்று மறுத்துவிட்டார். என் மொத்த மதிப்பெண்ணில் பாதி அந்த மறுப்புக்கு.

கோட்டிங் போட்டது என்னவோ ரெண்டு மணி நேரம்தான். ஆல்கஹால் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் துடைத்துவிட்டு, கண் மருந்து பாட்டில் மாதிரி ஒரு சின்னப் பாட்டிலில் இருந்து சொட்டுச் சொட்டாகத் துணியில் விட்டுப் பூசுகிறார்கள். முழு வண்டிக்கும் 30 மில்லிகூட முழுதாக ஆகவில்லை. சிலிக்கா சார்ந்த ரசாயனம், காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. பூசிய இடத்தில் வானவில் மாதிரி நிறம் ஓடும், அந்த நேரம் பார்த்துத் துடைத்து எடுக்க வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு.

ஒன்றைக் கவனித்தீர்களா? வண்டியின் மினுமினுப்பைப் பார்த்து அபார்ட்மெண்டில் எல்லோரும் "கோட்டிங் சூப்பர்" என்றார்கள். நான் பாலிஷ் முடிந்து கோட்டிங் போடுவதற்கு முன்பே வண்டியைப் பார்த்தேன். அப்போதே முகம் பார்த்துத் தலை வாரலாம். கோட்டிங் அதற்கு மேல் கூட்டியது ரொம்பக் கொஞ்சம். 18,500-ல் நான் வாங்கியது பெரும்பாலும் அந்தத் தம்பியின் ஒன்றரை நாள் உழைப்பு, ஆனால் போர்டிலும் பில்லிலும் வாரண்டிக் கார்டிலும் இருப்பது பாட்டிலின் பெயர் மட்டும். ரெண்டு நாள் என்று சொல்லி மூன்று நாள் ஆக்கினார்கள், அதுவும் பாலிஷால்தான், அதனால் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது நாலாவது நாள். சாயங்கால வெயிலில் டிக்கிக் கதவைப் பார்த்தால், மழை நாளில் ரோட்டில் டீசல் சொட்டினது மாதிரி ஒரு கறை, உள்ளங்கை அளவு. துடைத்தால் போகவில்லை. அந்த இடத்தில் துடைக்கப் பிந்திவிட்டார்கள், அப்படியே இறுகிவிட்டது. இதை ஹை ஸ்பாட் என்கிறார்கள். போன் செய்தால் முதலாளி "வாஷ்ல போயிருமுங்க சார்" என்றார். போகாது, இறுகியபின் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தத் தம்பியே அன்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். நேரில் போய் நின்றேன். அரை நாளில் அந்தப் பேனலை மட்டும் மறுபடி பாலிஷ் செய்து, மறுபடி பூசிக் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. வண்டியை எடுக்கும்போது கடை லைட்டில் மட்டும் பார்க்காதீர்கள், வெளியே எடுத்து வெயிலில் சுற்றி வந்து பாருங்கள்.

அதைவிடப் பெரிய அடி மே மாதம். ரெண்டு நாள் ஊருக்குப் போயிருந்தோம், பஸ்ஸில். அபார்ட்மெண்டில் சிறுவாணித் தண்ணீர் குடிக்க மட்டும், செடிக்கும் வண்டிக்கும் போர் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளை படியும் உப்புத் தண்ணீர். தோட்டக்காரர் செடிக்கு அடித்த ஓஸ் என் வண்டி மேலும் பட்டு, மே வெயிலில் காய்ந்திருக்கிறது. வந்து பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வளையம். கோட்டிங் போட்டால் தண்ணீர் பரவாமல் உருண்டையாக நிற்கும் அல்லவா, உருளாமல் அங்கேயே காய்ந்தால் உப்பெல்லாம் அந்த வளையத்தில் சேர்ந்துவிடுகிறது. அதாவது, எந்தத் தண்ணீர் முத்துக்களைக் காட்டி விற்றார்களோ அதே முத்துக்கள்தான் இந்தக் கறையைப் போடுகின்றன. வினிகரில் சமமாகத் தண்ணீர் கலந்து, நிழலில் வைத்து, துணியை நனைத்துப் போட்டு எடுத்ததில் முக்கால்வாசி போனது. மீதி லேசாக இன்னும் தெரிகிறது. கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை. நம் ஊரில் போர் தண்ணீர் இல்லாத வீடு எத்தனை? முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

நல்லது என்ன என்று கேட்டால், கழுவுவது. முன்பு முக்கால் மணி நேரம் ஆகும், இப்போது இருபது நிமிடம். பாதி அழுக்கு தண்ணீர் அடித்தாலே போய்விடுகிறது. செம்மண் ஒட்டுவதில்லை. ரெண்டு வாளி, நல்ல ஷாம்பு, தடியான மைக்ரோஃபைபர் துணி, முடிந்ததும் ஒரு சொட்டு விடாமல் துடைப்பது, இவ்வளவுதான். வாட்ச்மேனிடம் "அண்ணா, இனிமே நானே பார்த்துக்கறேனுங்க" என்று சொல்லி மாதக் காசை மட்டும் நிறுத்தாமல் கொடுக்கிறேன், இல்லையென்றால் பார்க்கிங்கில் சமாதானம் இருக்காது. காக்கை எச்சமும் முன்பைவிட சுலபமாக வருகிறது. ஆனால் எச்சத்தை நாள் முழுக்க வெயிலில் விட்டுவைத்தால் கோட்டிங்கையும் தாண்டித் தடம் விழும், உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது சில மணி நேர அவகாசம்.

வாரண்டிக் கார்டு 5 வருடம் என்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் தண்ணீர்க் கறை, பறவை எச்சம், கீறல், கல் அடி, விபத்து எதற்கும் பொறுப்பில்லை. வருடத்துக்கு ஒருமுறை இதே கடையில் 2,500 கொடுத்து மெயின்டனன்ஸ் செய்ய வேண்டும், ஒன்றைத் தவறவிட்டாலும் வாரண்டி செல்லாது. நாலு முறை என்றால் 10,000. அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொண்டு யோசியுங்கள். புது வண்டி, வெளிர் நிறம், மூடிய பார்க்கிங் என்றால் நான் இதைப் போடச் சொல்ல மாட்டேன், ஆயிரம் ரூபாய்க்குள் வரும் சிலிக்கா ஸ்ப்ரே வாங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே அடித்துக்கொள்ளலாம். கறுப்பு, கருநீலம், மெரூன், நாலைந்து வயது, கீறல் நிறைய என்றால் போடுங்கள், ஆனால் எந்த பிராண்ட் பாட்டில் என்று கேட்பதற்கு முன் பாலிஷ் எத்தனை ஸ்டெப், எத்தனை மணி நேரம், யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். வேலைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். விற்ற விதத்துக்கு ரெண்டு.

போன வாரம் முதல் வருட மெயின்டனன்ஸுக்கு போன் செய்தேன். அந்தத் தம்பியே செய்வாரா என்று கேட்டேன். "அவன் நின்னுட்டானுங்க சார், புது ஆளு நல்லாப் பண்ணுவாப்ல" என்றார்கள். விசாரித்ததில் தம்பி இப்போது சொந்தமாக, வீட்டுக்கே வந்து செய்து தருகிறாராம், மிஷின் வாங்கிவிட்டாராம். அவரிடம் போனால் வாரண்டி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், குடிதண்ணீர் ரெண்டு வாளி மட்டும் பிடித்து வைக்கச் சொன்னார்.