செம்பூர் மண் பரிசோதனைக் கூடம்: என் அனுபவம்

மும்பையை அடுத்த கல்யாணுக்கு அப்பால் ஒரு கிடங்குக்குத் தரை போடும் வேலை எடுத்திருக்கிறேன். கரிசல் மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, மழையில் உப்பிக்கொள்கிறது. அந்த உப்பலை அடக்க எவ்வளவு சுண்ணாம்பு கலப்பது என்று கேட்டால் ஆளாளுக்குக் கண்ணளவில் ஒரு கணக்குச் சொன்னார்கள். அதனால்தான் மும்பை செம்பூரில் உள்ள ஒரு மண் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன்.

அங்கே வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பி உப்பல் சோதனையை என் கண்முன்னே செய்து காட்டினார். சலித்த மண் 10 கிராம் தண்ணீர்க் குடுவையில், 10 கிராம் மண்ணெண்ணெய்க் குடுவையில். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், மண்ணெண்ணெயில் அப்படியே அடங்கிக் கிடந்தது. தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு! முப்பது வருடமாக மிதித்துப் பழகிய மண்ணை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சுண்ணாம்பை 3, 5, 7 சதவீதம் கலந்து சோதித்து, 5 போதும் என்றார்கள். நான் கேட்காமலே மண்ணில் சல்பேட் என்ற உப்பு எவ்வளவு என்றும் பார்த்தார்கள். அது மிகுந்த மண்ணில் சுண்ணாம்பே வீக்கத்தைக் கூட்டிவிடும். இந்த அக்கறைக்கு விலையே இல்லை.

அறிக்கை மட்டும் நான்கு நாள் தாமதம். ரோலர் வாடகை வீணாயிற்று. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அடுத்த மனையின் மண்ணையும் அங்கேதான் கொண்டுபோகிறேன்.