முன்னால் ஒரே செயின்ரிங்: ஆல்-ரோடு சைக்கிளுக்கு எந்தக் கேசட், எத்தனை பல்?

தாரிலும் மண்ணிலும் ஓடுகிற ஆல்-ரோடு சைக்கிளை வெறும் ஃப்ரேமிலிருந்து கட்டி எழுப்பும்போது டயர், ஹேண்டில்பார், சீட் எல்லாம் ஒரு வாரத்தில் முடிவாகிவிடும். முன்னால், மிதிகட்டையோடு சுற்றும் பல்வளையமான செயின்ரிங் ஒன்றே போதும் என்று தீர்மானித்த பிறகு, அது எத்தனை பல், பின்சக்கரத்தில் அடுக்கியிருக்கும் பல்சக்கரக் கொத்தான கேசட் எது என்ற கேள்வியில்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வோம். நானும் மாட்டிக்கொண்டேன். இரண்டு கேசட்டும் மூன்று செயின்ரிங்கும் மாற்றி ஓட்டிய பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லாரும் முதலில் பார்ப்பது மொத்த வீச்சு, அதாவது மிக வேகமான கியர் மிக மெதுவான கியரைப்போல் எத்தனை மடங்கு என்பதை 440 சதவீதம், 510 சதவீதம் என்று போடுகிறார்களே அந்த எண். அதைப் பார்த்து வாங்கினால் பாதி வழிதான் வந்திருப்பீர்கள். நீங்கள் பெரும்பாலும் எந்த வேகத்தில் போகிறீர்களோ, அந்த வேகத்தில் அடுத்தடுத்த கியர்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதுதான் மீதிப் பாதி, என்னைக் கேட்டால் பெரிய பாதி.

இரண்டு செயின்ரிங்கோடு ஒப்பிடுவதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். முன்னால் 48, 31 பல் ரிங்குகள், பின்னால் 11-34 (மிகச் சின்னப் பல்சக்கரம் 11 பல், மிகப் பெரியது 34) என்ற ஷிமானோ நிறுவனத்தின் ஜிஆர்எக்ஸ் அமைப்பின் வீச்சு 479 சதவீதம். ஒற்றைச் செயின்ரிங்கில் 10-44 கேசட் 440, 10-45 கேசட் 450, 9-42 கேசட் 467. ஆக வீச்சில் இன்றைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு ரிங் வைத்தால் கியர்கள் நெருக்கமாக இருக்கும். ஒரு ரிங் வைத்தால் செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் முன் டீரெய்லர் கிடையாது, சேற்றில் அடைத்துக்கொள்ள ஒன்று குறைவு, இடது கைக்கும் வேலை இல்லை. தார்ச்சாலையில் குழுவாக வேகமாகப் போவதுதான் உங்கள் முக்கிய ஓட்டம் என்றால் இரண்டு ரிங்கே போடுங்கள். இனி எழுதுவது மண்ணும் சரளையும் தாரும் கலந்து ஓட்டுகிறவர்களுக்கு.

இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம்? என்னிடம் முதலில் இருந்தது 11-46, 10 கியர் கேசட், முன்னால் 40 பல். 13, 15, 18, 21 என்று போகும். ஒருநாள் சமதளத்தில் நேர் எதிர்காற்று, வேகம் 28 கி.மீ. 38 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.18 மீட்டர் ஓடும் என்று வைத்துக் கணக்கிட்டால், அந்த வேகத்துக்கு 15 பல்லில் நிமிடத்துக்கு 80 மிதி, 18 பல்லில் 96. எனக்கு வேண்டியதோ 88, 90. 15-ல் போட்டால் முழங்கால் இழுக்கிறது, 18-ல் போட்டால் கால் ஓட்டமெடுத்து மூச்சு முட்டுகிறது. ஒரு மணி நேரம் அந்த இரண்டுக்கும் நடுவே ஷிஃப்டரை அமுக்கிக்கொண்டே இருந்தேன். கேசட்டின் 46 பல் பெரிய சக்கரம் அன்றைக்கு ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை. அதே இடத்தில் 17 பல் இருந்திருந்தால் 91, சரியாக உட்கார்ந்திருக்கும்.

அன்றிலிருந்து எந்தக் கேசட்டைப் பார்த்தாலும் 13-க்கும் 21-க்கும் நடுவே என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். 40 பல் ரிங்கில் நிமிடத்துக்கு 90 மிதிக்கு 15 பல் 31 கி.மீ., 19 பல் 25 கி.மீ. கொடுக்கும். நம்மில் பெரும்பாலோருடைய நாள் முழுக்க அதற்குள்தான் நடக்கிறது.

இப்படிப் பார்த்தால் சில ஆச்சரியங்கள். ஸ்ராம் நிறுவனம் 2021-ல் கொண்டுவந்த எக்ஸ்பிஎல்ஆர் 10-44, 12 கியர் கேசட் இப்படிப் போகும்: 10, 11, 13, 15, 17, 19, 21, 24, 28, 32, 38, 44. ஷிமானோவின் மலை சைக்கிளுக்கான 11 கியர் எக்ஸ்டி 11-42 கேசட்டை எடுங்கள்: 11, 13, 15, 17, 19, 21, 24, 28, 32, 37, 42. மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். 11-லிருந்து 32 வரை ஒரு பல்கூட மாறவில்லை. புதிய கேசட் தருவது கீழே ஒரு 10 பல்லும், மேலே சற்றே பெரிய சக்கரங்களும்தான். நடுவில் ஓட்டும்போது இரண்டும் ஒன்றே. 11 கியர் காலாவதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு வரிசையையும் காட்டுங்கள்.

ஷிமானோ ஜிஆர்எக்ஸ் 2023-ல் 12 கியருக்கு வந்தபோது கொடுத்த 10-45 கேசட் வேறு வழியில் போகிறது: 10, 12, 14, 16, 18, 21, 24, 28, 32, 36, 40, 45. மேல்பக்கம் அருமை. ஏற்றத்தில் 32, 36, 40, 45 என்று சீராக ஏறுவதால் கால் தடுமாறாது. 10-44-ல் அந்த இடத்தில் 32-லிருந்து 38-க்கு ஒரே தாவல். ஆனால் 18-லிருந்து 21-க்கு 16.7 சதவீதம் குதிக்கவேண்டும், அது சரியாகச் சமதள வேகத்தில் வந்து விழுகிறது. மலைப்பாதை அதிகம் என்றால் 10-45, சமதளமும் காற்றும் அதிகம் என்றால் 10-44. இது என் கணிப்பு, கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 10-51-ஐ மூட்டை முடிச்சோடு செங்குத்தான மண்பாதை ஏறுகிறவர்களுக்கு மட்டும் சொல்வேன். அதற்கு, செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு நீளமாக உள்ள பின் டீரெய்லர் வேண்டும், 10-45-க்கு நடுத்தரக் கூண்டு. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

அப்புறம் கம்பான்யோலோ நிறுவனத்தின் எக்கார். 2020-ல் 13 கியரோடு வந்தது. 9-42 கேசட்: 9, 10, 11, 12, 13, 14, 16, 18, 21, 25, 30, 36, 42. ஒவ்வொரு பல்லாக ஆறு கியர்! படிக்கும்போதே ஆசை வருகிறது, எனக்கும் வந்தது. ஆனால் 40 பல் ரிங் போட்டுக் கணக்குப் பாருங்கள்: அந்த நெருக்கமான பகுதி 14 பல்லில்தான் தொடங்குகிறது, அது 90 மிதிக்கு 33.6 கி.மீ. அதைவிடக் குறைந்த வேகத்தில் 18-21, 21-25, 25-30 என்று 16-லிருந்து 20 சதவீதம் வரை தாவல்கள். தனியாக, காற்றில், சரளையில் 33 கி.மீ.க்கு மேலேயே ஓட்டுகிற வலு எனக்கில்லை. அதனால் எக்கார் எடுப்பவர்கள் கூச்சப்படாமல் 38 ரிங்குக்கு இறங்கிவிடுங்கள். 38/9-லேயே (முன்னால் 38, பின்னால் 9 பல்) 90 மிதிக்கு 49 கி.மீ.க்கு மேல் கிடைக்கிறது, மேல்வேகம் எங்கேயும் போய்விடாது, நெருக்கமான பகுதியும் 32 கி.மீ.க்கு இறங்கிவரும். ஒன்று மட்டும்: 9, 10 பல் சக்கரத்தில் செயின் அதிகமாக மடங்கிப் போவதால் உராய்வு கூடும், பல்லும் சீக்கிரம் தேயும். இறக்கத்தில் போடுவதற்கு அது. அதிலேயே குடியிருக்கவேண்டிய வேகம் உங்களுக்கு இருந்தால் ரிங்கைப் பெரிதாக்குங்கள்.

மைக்ரோஷிஃப்டின் 10 கியர் அட்வென்ட் எக்ஸ், 11-48 கேசட்டோடு வருவது, செலவு குறைவான வழி. 11, 13, 15, 18, 21, 24, 28, 34, 40, 48 என்ற வரிசை. தாவல் பெரிது, அது மேலே சொன்ன கணக்கிலேயே தெரியும். ஆனால் டீரெய்லரில் செயின் துள்ளாமல் பிடிக்கும், நிறுத்தி இயக்கக்கூடிய கிளட்ச் இருக்கிறது, பழைய ஹப்பிலேயே (சக்கரத்தின் நடுப்பகுதி) கேசட் ஏறும். நிதானமாக, சுமையோடு ஊர் சுற்றுகிற சைக்கிளுக்கு நல்ல தேர்வு.

ஹப் என்றதும் நினைவுக்கு வருகிறது, இதைக் கேசட் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். சக்கரம் ஏற்கனவே கையில் இருந்தால் பாதி முடிவை அதுவே எடுத்துவிட்டது. ஹப்பில் கேசட் ஏறி உட்காரும் பகுதியான ஃப்ரீஹப், பழைய ஷிமானோ ஹெச்ஜி வகை என்றால் சின்னச் சக்கரம் 11 பல்தான். 10-44-க்கு ஸ்ராமின் எக்ஸ்டிஆர் (XDR), ஜிஆர்எக்ஸ் 10-45, 10-51-க்கு மைக்ரோ ஸ்ப்லைன், எக்காருக்கு என்3டபிள்யூ என்று ஆளுக்கொரு ஃப்ரீஹப். நல்ல ஹெச்ஜி சக்கரம் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடவேண்டாம். 11-42 இருக்கிறது, ஸ்ராம் ஏபெக்ஸ் 11-44-ம் ஹெச்ஜியில் ஏறும். மலை சைக்கிளுக்கான 11 கியர் கேசட்டை 11 கியர் ரோடு ஹப்பில் போடும்போது பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் கேசட் ஆடும்.

கியர் மாற்றக் கேபிளா, மின்சாரமா என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. ஆனால் கலந்து கட்டுகிறவர்கள் கவனிக்கவேண்டும். ஷிமானோ 11 கியர் ரோடு ஷிஃப்டரும் அவர்களுடைய மலை சைக்கிள் டீரெய்லரும் கேபிளை இழுக்கிற அளவில் ஒத்துப்போகாது, நடுவே ஒரு சின்னக் கப்பி வைத்துச் சமாளிக்கவேண்டும். ஸ்ராமின் 11 கியர் ஒன்-பையில், அதாவது ஒற்றை ரிங் அமைப்பில், ரோடும் மலையும் ஒத்துப்போகும். அவர்களுடைய வயர்லெஸ் ஏஎக்ஸ்எஸ்ஸில் கீழ்நோக்கி வளைந்த டிராப் பார் ஹேண்டிலுக்கான ஷிஃப்டரோடு மலை சைக்கிளின் ஈகிள் டீரெய்லரைப் போட்டு 10-50 வரைகூடப் போகலாம்.

இனி ரிங். 38, 40, 42, 44 என்று எப்போதும் இரட்டை எண்ணிலேயே வருவதைக் கவனித்திருப்பீர்கள். செயினில் ஒரு கண்ணி அகலம், அடுத்தது குறுகல். அதற்குப் பொருந்துகிற மாதிரி ரிங்கிலும் ஒரு பல் தடிமன், ஒரு பல் மெலிது என்று மாறி மாறி வெட்டியிருப்பார்கள். ஒற்றைப்படையில் அந்த வரிசை ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். 2012-ல் ஸ்ராம் எக்ஸ்எக்ஸ்1-ஓடு இந்தப் பல் அமைப்பு வந்தபிறகுதான் செயினைப் பிடித்துவைக்கத் தனிக் கருவி இல்லாமலே ஒற்றை ரிங் ஓட முடிந்தது. செயினை ரிங்கில் போடும்போது தடித்த பல் அகலக் கண்ணிக்குள் போகிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். ஒரு பல் தள்ளிப் போட்டுவிட்டால் செயின் மெலிதாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், மிதித்தால் கரகரவென்று சத்தம் வரும்.

எத்தனை பல் என்பதை மேல்வேகத்திலிருந்து முடிவு செய்யாதீர்கள், ஏற்றத்திலிருந்து செய்யுங்கள். 11-42 கேசட்டுக்கு மாறியபோது நான் 42 ரிங்கோடு ஆரம்பித்தேன். 42/42-ல் நிமிடத்துக்கு 60 மிதித்தால் 7.8 கி.மீ. வேகம் வேண்டும், நீண்ட சரளை ஏற்றத்தில் அந்த வேகம் எனக்கு நிலைக்கவில்லை, எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் கற்களில் வழுக்கிச் சுழன்றது. 38-க்கு மாற்றியதும் அதே மிதிக்கு 7.1 கி.மீ. போதும் என்று ஆனது. கேட்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் உட்கார்ந்தபடியே ஏற முடிந்தது, சக்கரமும் பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் 38/11 என்றால் 90 மிதிக்கு 41 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் மிதிக்காமல் உருண்டு போகிறேன், ஒன்றும் இழக்கவில்லை.

என் சைக்கிளில் இன்று இருப்பது 38 ரிங், 11-42 கேசட், கேபிள், கிளட்ச் உள்ள 11 கியர் டீரெய்லர், பழைய ஹெச்ஜி சக்கரம். புதிதாகச் சக்கரமும் வாங்கவேண்டிய நிலை, மலைப்பாதையும் அதிகம் என்றால் 40-ஓடு ஜிஆர்எக்ஸ் 10-45 எடுத்திருப்பேன். செயினை 40 ரிங்குக்கு அளந்து வெட்டியிருக்கிறேன், 38-க்கும் அதுவே போதும். சமதளத்தில் நீண்ட பயணம் வரும்போது போல்ட்டுகளைக் கழற்றி 40-ஐ மாட்டிக்கொள்கிறேன், வேறு எதையும் தொடவேண்டியதில்லை. 42-லிருந்து 38-க்கு இறங்குகிறவர்கள் மட்டும் செயினில் ஒரு ஜோடிக் கண்ணியைக் கழற்றுங்கள், இல்லையென்றால் சின்னச் சக்கரங்களில் செயின் தொங்கும்.