புடு ஜாலான் பாசார்ல வாங்குன மஞ்ச மீட்டர், 3 மாசம் யூஸ் பண்ண பிறகு

மகன் படிவம் ரெண்டு படிக்கிறான், ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துக்கு எல்இடி சர்க்யூட் செய்யணும்னு வந்து நின்னான், வீட்டுல வோல்ட், ஆம்ப்ஸ், ஓம் அளக்கற மல்டிமீட்டர் ஒன்னு கூட கிடையாது. சரின்னு சனிக்கிழமை எல்ஆர்டி ரயில் புடிச்சு புடு ஸ்டேஷன்ல இறங்கி ஜாலான் பாசாருக்கு நடந்தே போயிட்டோம். கோலாலம்பூர்ல எலக்ட்ரானிக்ஸ் சாமான்னா எனக்குத் தெரிஞ்சு அந்த ரோடு தான். கடை தவுக்கே (முதலாளி) எதுக்குன்னு மலாய்ல கேட்டாரு, ஸ்கூல் பையனுக்குன்னேன், டிடி830பி மாடல் மஞ்ச மீட்டர் ஒன்ன எடுத்து வச்சாரு. 20 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) தான்.

முதல்ல நல்லத சொல்லிடறேன். பேட்டரில ஓடுற வேலைக்கு இது அருமையான மீட்டர். எவ்வளவு வரைக்கும் அளக்கணும்ங்கற ரேஞ்ச தானா புடிக்கற ஆட்டோ ரேஞ்ச் இல்ல, நாமளே டயல திருப்பணும், அதுதான் பையனுக்கு பாடமே ஆச்சு. கரெண்ட கொஞ்சமா விடற 220 ஓம் ரெசிஸ்டர (மேல இருக்கற கலர் கோடு சிவப்பு சிவப்பு பிரவுன் கோல்டு) 200 ஓம் ரேஞ்சுல வச்சான், இடது பக்கம் வெறும் 1 மட்டும் நின்னுச்சு. "மா, ரெசிஸ்டர் கெட்டுப்போச்சு"ன்னு தூக்கிப் போடப் பாத்தான். இல்லடா, அளவு இந்த ரேஞ்சுக்கு மேல போயிருச்சுன்னு அர்த்தம், அடுத்த ரேஞ்சுக்கு திருப்புன்னேன், 2000ல வச்சதும் 218ன்னு காட்டுச்சு. கோல்டு கலர்னா 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 209ல இருந்து 231 வரைக்கும் சரி தான். அவன் முகத்துல வந்த சந்தோஷத்துக்கே குடுத்த காசு தகும். ஆனா ஓம் அளக்கும்போது சர்க்யூட்ல பேட்டரி கழட்டியிருக்கணும், கரெண்டு ஓடிட்டு இருக்கும்போது அளந்தா காட்டுற நம்பர் பொய், மீட்டருக்கும் கேடு.

இப்ப முக்கியமான விஷயம், புதுசா வாங்குறவங்க இத மட்டும் நல்லா படிச்சிருங்க. கீழ மூணு ஓட்டை இருக்கு. ஒன்னுல காம்னு (காமன், பொதுவான ஓட்டை) போட்டிருக்கும், கறுப்பு ஒயர் எப்பவும் அங்க தான். சிவப்பு ஒயருக்கு ரெண்டு இடம், வோல்ட் ஓம் மில்லிஆம்ப்ஸ் ஒன்னு, 10 ஆம்ப்ஸ் தனியா ஒன்னு. வோல்ட் அளக்க சாமானுக்கு ரெண்டு பக்கமும் தொட்டா போதும், ஆம்ப்ஸ் (எவ்வளவு கரெண்டு ஓடுது) அளக்கணும்னா ஒயர ஒரு இடத்துல பிரிச்சு மீட்டர நடுவுல விடணும், கரெண்டு மீட்டருக்குள்ள ஓடித்தான் ஆகணும். அதனால 10 ஆம்ப்ஸ் ஓட்டைக்கும் காமுக்கும் நடுவுல உள்ள கிட்டத்தட்ட வெறும் கம்பி தான் இருக்கு. எங்க வீட்டுல ஒரு சின்ன மோட்டார் எவ்ளோ இழுக்குதுன்னு பாத்துட்டு சிவப்பு ஒயர அங்கயே விட்டுட்டோம், அடுத்த நாள் நான் டயல மட்டும் வோல்ட்டுக்கு திருப்பி 4 டபுள்ஏ பேட்டரி போட்ட பெட்டில வச்சேன். டயல் எங்க இருந்தாலும் அந்த ஓட்டைக்கு அக்கறை இல்ல, நேரா ஷார்ட், கரெண்டு தடையே இல்லாம ஓடிருச்சு. பேட்டரி பெட்டியோட ஒயர் சுட்டு பிளாஸ்டிக் வாடை வந்துச்சு, உடனே எடுத்துட்டேன். வெறும் 6 வோல்ட்டுக்கே இப்படி!

அதையே சுவத்து பிளக்ல செஞ்சிருந்தா? நினைச்சா இன்னும் நெஞ்சு பதறுது. இந்த மாடல்ல 10 ஆம்ப்ஸ் பக்கம் பியூஸே கிடையாது, அன்பியூஸ்டுன்னு ஓட்டைக்கு பக்கத்துலயே பொடி எழுத்துல போட்டிருக்கு. டயல்ல ஏசி 750 வோல்ட்னு இருக்கறத பாத்து வீட்டு கரெண்டு 230 தானேன்னு தைரியமா கொண்டு போகாதீங்க. அந்த நம்பர் ஸ்கிரீன்ல எவ்வளவு காட்டும்ங்கறதுக்கு தான். லைன்ல திடீர்னு வர்ற பெரிய அடிய தாங்குமான்னு சொல்றது கேட்டகரி (சுருக்கமா கேட்), பிளக்ல சொருகுற சாமானுக்கு கேட் 2, டிபி பாக்ஸ் (மெயின் சுவிட்ச் பெட்டி), வீட்டு வயரிங்குக்கு கேட் 3. இவ்வளவு மெல்லிசு ஒயரும் கண்ணாடி பியூஸும் இருக்கற மீட்டர்ல என்ன அச்சடிச்சிருந்தாலும் நான் நம்ப மாட்டேன். எங்க வீட்டுல சட்டம் இது தான், மஞ்ச மீட்டர் பேட்டரி பக்கம் மட்டும், சுவத்துல ஏதாச்சும்னா லைசென்ஸ் வச்ச வயர்மேன். போன் சார்ஜர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை பிரிச்சு பாக்கறதும் கூடவே கூடாது, பிளக்க புடுங்குன பிறகும் உள்ள கரெண்ட சேத்து வைக்கற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

குறைனு பாத்தா, பீப் சத்தம் இல்ல (பீப் வேணும்னா டிடி830டின்னு கேளுங்க), ஒயர் அறுந்திருக்கான்னு பாக்க ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன பாக்கணும். ப்ரோப் ஒயர் (அந்த சிவப்பு, கறுப்பு ஒயர்) வளையற இடத்துல ரெண்டே மாசத்துல உள்ள அறுந்து நம்பர் ஆடிச்சு, ஓம் ரேஞ்சுல ரெண்டு முனையையும் ஒன்னா தொட வச்சப்ப சில சமயம் 1, சில சமயம் 0 காட்டுச்சு, அத வச்சு தான் கண்டுபிடிச்சோம். இப்ப எத அளக்கறதுக்கு முன்னாடியும் அத ஒரு தடவ செஞ்சிருவோம்.

தானா ஆஃப் ஆகவும் ஆகாது. ஒரு ராத்திரி மறந்து விட்டு உள்ள இருக்கற 9 வோல்ட் பேட்டரி இறங்கிருச்சு, அப்புறம் புது டபுள்ஏவ 1.9னு காட்டுது! பேட்டரி சின்னம் வந்தா எந்த நம்பரையும் நம்பாதீங்க. வாங்கப் போகும்போதே 9 வோல்ட் பேட்டரி ஒன்னு, ப்ரோப் ஒயர் இன்னொரு செட், உள்ள இருக்கற பியூஸ்ல என்ன எழுதியிருக்கோ அதே அளவுல ரெண்டு பியூஸ் கேட்டு எடுத்துக்குங்க, அதிக ஆம்ப்ஸ் பியூஸ் குடுத்தா வேணாம்னு சொல்லிருங்க.