கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ்: பல வருஷம் புழங்கிய பிறகு என் கருத்து

மதுரையில் கல்யாணம், வளைகாப்பு, திருவிழா என்று படமெடுத்துப் பிழைப்பவன் நான். அடோபி கம்பெனியின் போட்டோஷாப்பில், படம் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தைப் படத்தோடு சேர்க்கும் கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ் வசதியை ஆன் செய்து பல வருஷமாகப் புழங்கி வருகிறேன். தனியாகக் காசு கிடையாது, சந்தாவோடு வருகிறது. ஆனால் இதை நம்பி நம் பெயரையும் வாடிக்கையாளர் வீட்டு முகங்களையும் ஒரு பெரிய கம்பெனி கையில் கொடுக்கலாமா என்று தொழிலில் இருக்கும் தம்பிமார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது, படத்தைத் தந்தவர் யார், எந்த மென்பொருளில் திருத்தியது, ஏஐ பயன்படுத்தினோமா என்ற விவரமெல்லாம் டிஜிட்டல் கையொப்பத்தோடு ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. பிறகு யாராவது படத்தில் கை வைத்தால் சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். இதற்கான பொதுத் தரத்தை வகுக்க சி2பிஏ என்ற கூட்டமைப்பை 2021-ல் தொடங்கியவை அடோபி, மைக்ரோசாஃப்ட், இன்டெல், ஆர்ம், பிபிசி, ட்ரூபிக். 2023-ல் லைக்கா எம்11-பி கேமராவுக்குள்ளேயே இது வந்தது, 2025-ல் கூகுள் பிக்சல் 10 போனிலும் வந்துவிட்டது. நிலத்துக்கு வில்லங்கச் சான்று பார்ப்பது போலத்தான் இதுவும். சொத்து யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும், விற்பவர் நல்லவரா என்று சொல்லாது.

பலன் உண்டா என்றால், உண்டு. நிஜ அழகர் படமும் ஏஐ செய்த அழகர் படமும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிற காலம் இது. வைகையில் இறங்கும் காட்சியை ஒரு பத்திரிகைக்கு அனுப்பியபோது, "அண்ணே, இது ஒரிஜினல்தானா?" என்று அங்கிருந்து போன் வந்தது. இந்த விவரத்தைச் சரிபார்க்கும் இணையப் பக்கத்தில் படத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். என் பெயர், தேதி, நிறத்தைச் சரிசெய்தது, ஓரம் வெட்டியது என எல்லாம் வரிசையாக வந்தது. ஏஐ பயன்பாடு எதுவும் அதில் இல்லை. அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் என் கேமரா கையொப்பம் போடாது, அதனால் இந்த வரலாறு போட்டோஷாப்பில் இருந்துதான் தொடங்குகிறது. அதையும் அவர்களிடம் சொல்லித்தான் கொடுத்தேன். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்த விவரம் மொத்தமும் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும்.

இனி கவனமாகப் படிக்க வேண்டிய இடம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வளைகாப்பு. "அண்ணே, பாப்பா மொகம் மட்டும் நெட்டுல வந்துரக் கூடாது" என்று ஒரு அம்மா கையைப் பிடித்துச் சொன்னார். சரி தங்கச்சி என்று, குழந்தை நின்ற ஓரத்தை வெட்டிப் படத்தைத் தயார் செய்தேன். கொடுப்பதற்கு முன் வழக்கம்போலச் சரிபார்க்கும் பக்கத்தில் திறந்தேன். வெட்டிய படத்துக்குக் கீழே, அது எந்தப் படத்திலிருந்து வந்தது என்று காட்ட, வெட்டாத பழைய படம் கட்டைவிரல் அளவில் இருந்தது. பெரிதாக்கினால் பாப்பாவின் முகம், நெற்றியில் வைத்த மைப்பொட்டு வரை தெரிகிறது. இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. மூலப்படத்தின் சிறு நகலை உள்ளே வைப்பதற்கு அந்தத் தரத்திலேயே இடம் உண்டு. பொய்ப்படத்தைப் பிடிக்க உதவுகிற அதே ஏற்பாடுதான் மறைக்கச் சொன்ன முகத்தையும் காட்டிக்கொடுக்கிறது. இதை எக்ஸ்போர்ட் பட்டனுக்குப் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் எச்சரிக்க வேண்டாமா? ஒரு பெண்ணின், ஒரு குழந்தையின் பாதுகாப்பு இதில் இருக்கிறது.

கம்பெனியை நம்புவது வேறு சங்கதி. 2013-ல் அடோபியிலிருந்து வாடிக்கையாளர் விவரம் திருடு போனது. முதலில் 29 லட்சம் பேர் என்றார்கள், பிறகு 3.8 கோடி கணக்குகள் என்றார்கள். 2024 ஜூனில், மாற்றிய பயன்பாட்டு விதிமுறையை 'ஒப்புக்கொள்' என்று நீட்டியபோது, நம் படங்களை எடுத்துப் பார்ப்பார்களோ என்று உலகம் முழுக்கக் கலைஞர்கள் கொதித்தார்கள். வாடிக்கையாளர் படைப்பை வைத்து, படம் உருவாக்கும் தங்கள் ஃபயர்ஃபிளை ஏஐ-யைப் பழக்க மாட்டோம் என்று விதிமுறையைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 2025-ல், இதே கையொப்பத்தைப் போடும் நிக்கான் இசட்6 III கேமராவில், இரண்டு காட்சியை ஒன்றாக்கும் வசதி வழியாக, கேமரா எடுக்காத படத்துக்கும் கையொப்பம் வாங்க முடிந்தது. நிக்கான் அந்தச் சேவையை நிறுத்தி, கொடுத்த சான்றிதழ்களையும் ரத்து செய்தது. ஒளிக்காமல் ரத்து செய்ததை நான் பாராட்டுகிறேன். ஆனால் கம்பெனி பக்கம் ஒரு ஓட்டை விழுந்தால், நேர்மையாக எடுத்தவன் படத்துக்கும் சேர்த்துத்தான் மதிப்புப் போகிறது.

அதனால் தொழில்நுட்பத்தை நம்புகிறேன், கம்பெனிக்குக் கொடுப்பதை அளந்து கொடுக்கிறேன். விவரத்தைப் படத்தோடு மட்டும் இணைக்கிறேன், அவர்களுடைய கிளவுடில் ஏற்றுவதில்லை. அடோபி கணக்கின் பிரைவசி பகுதியில், நம் படங்களை அவர்கள் ஆராய அனுமதிக்கும் கன்டென்ட் அனாலிசிஸை அணைத்து வைத்திருக்கிறேன். வேறு சமூக வலைத்தளக் கணக்கை இணைத்து அடையாளத்தை உறுதி செய்யச் சொல்வதை ஏற்கவில்லை, தொழில் பெயரே போதும். 'ஏஐ பயிற்சிக்கு எடுக்காதே' என்று குறிக்கும் வசதியைப் போடுகிறேன், ஆனால் அது வேண்டுகோள்தான், பூட்டு இல்லை.

திருவிழா, ஜல்லிக்கட்டு, பத்திரிகை, போட்டிக்கு அனுப்பும் படம் என்றால் தயங்காமல் ஆன் செய்யுங்கள். அலங்காநல்லூரில் உயிரைக் கையில் பிடித்து எடுத்த படத்தை ஏஐ என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் வயிறு எரியும், அதற்கு இது நல்ல பதில். வீட்டு விசேஷப் படங்களுக்கு ஆஃப் செய்துவிடுங்கள். வெட்டிய படம் எதுவாக இருந்தாலும், கொடுப்பதற்கு முன் சரிபார்க்கும் பக்கத்தில் ஒருமுறை திறந்து, கீழே இருக்கும் சின்னப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்.