தீவனத்துக்கு நாலு ஸ்டார், குஞ்சுக்கு ஒன்று

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் போனால் வரும் ஒரு கோழிக்குஞ்சுக் கடை. பெயர் போடவில்லை, இதே மாதிரிக் கடை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது.

போன மார்கழியில் ஒரு மாத நாட்டுக்கோழிக் குஞ்சு 25 வாங்கினேன், ஒன்று 110 ரூபாய். கோழி வளர்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. கடைக்காரரிடம் கேட்ட ஒரே கேள்வி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பது. "அதெல்லாம் போட்டாச்சுங்க, தைரியமா கொண்டு போங்க." நானும் தைரியமாகக் கொண்டுபோனேன். இப்போது அந்த 25-இல் ஏழுதான் மிச்சம். அம்மிச்சி (பாட்டி) வைத்திருந்த ஆறு பழைய கோழிகளில் நாலும் போய்விட்டது. அவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவே இல்லை.

முதலில் போனது மூன்று. வாங்கி வந்த ஆறாம் நாள் காலையில் கூண்டைத் திறந்தால் எச்சத்தில் ரத்தம். இதைக் கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது, தப்பு என்னுடையது. மார்கழியில் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது, அதற்குப் பயந்து கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் இறுக்கிக் கட்டிவிட்டேன். தண்ணீர்த் தட்டு வேறு சாய்ந்து சாய்ந்து தரையில் போட்டிருந்த உமி கட்டி கட்டியாக நனைந்து கிடந்தது. ஈரமும் கதகதப்பும் சேர்ந்தால் ரத்தக்கழிச்சலுக்கு வேறென்ன வேண்டும். அதே கடையில் ஆம்ப்ரோலியம் பொடி வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்து, உமியை வாரிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன், நின்றுவிட்டது. பொடி வாங்கப் போனபோது, எத்தனை நாள் கொடுக்க வேண்டும், ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அப்புறம்தான் பெரிய அடி. ஒன்பதாம் நாள் இரண்டு குஞ்சு இறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றன. சாயங்காலம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து திறந்து மூச்சு. மறுநாள் விடிவதற்குள் நாலு போயிற்று. ஒரு பொட்டைக் குஞ்சு மட்டும் சாகவில்லை, கழுத்து முறுக்கி, அலகு வானத்தைப் பார்க்க, தீவனத்தைக் கொத்தப் போனால் பின்னாலேயே நடந்து சுவரில் போய் முட்டும். ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் தவிட்டுக் கஞ்சி ஊட்டிப் பார்த்தேன்.

செத்த ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஞ்சாயத்து மிருகாசுபத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா அங்கேயே அறுத்துப் பார்த்தார். இரைப்பைக்கு முன்னால் இருக்கும் சின்னப் பையின் உள்பக்கம் குண்டூசியால் குத்தினது மாதிரி ரத்தப் புள்ளிகள். "இது ராணிக்கெட் தன்னே" என்றார். நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்போமே, அதேதான். வந்துவிட்டால் மருந்து கிடையாது. அவர் கேட்டது ஒன்றுதான்: "எந்தத் தடுப்பூசி, எந்தத் தேதி?" என்னிடம் பதில் இல்லை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நான்காவது வாரம் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஆர்டூபி ஊசி, இப்படி மூன்று கட்டம் இருக்கிறதாம். "போட்டாச்சு" என்பது அதில் எதை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொன்றும் சொன்னார், மிச்சம் இருக்கிற குஞ்சுக்குப் பதறிப்போய் இப்பவே ஆர்டூபி போட்டுவிடாதீர்கள், அது சின்னக் குஞ்சு தாங்காது என்று.

சரி, கடைக்கே போய்க் கேட்டேன். சண்டைக்கு வரவில்லை மனுஷன். ஏழாம் நாள் சொட்டு போட்டதாகச் சொன்னார், அதற்கு மேல் இல்லை. தடுப்பு மருந்து 100 டோஸ், 200 டோஸ் குப்பியாகத்தான் வருகிறது, ஒருதடவை கலக்கினால் கொஞ்ச நேரத்தில் தீர்த்துவிட வேண்டும், "இருபது குஞ்சுக்கு எவனுங்க உடைப்பான்?" அது நியாயம்தான். ஆனால் பேசிக்கொண்டே பார்க்கிறேன், சந்தையில் விற்காமல் திரும்பி வந்த குஞ்சுகளை ஒரு பையன் பெட்டியிலிருந்து எடுத்துப் புதுக் குஞ்சு இருக்கிற அதே கூண்டுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறான். நாலு ஊர்க் கோழிகளோடு பழகிவிட்டு வந்தவை. எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. நானும் வீட்டில் அதைத்தானே செய்தேன், வந்த அன்றே அம்மிச்சியின் கோழிகளோடு திறந்துவிட்டேன். மூன்று வாரம் தனியாக வைத்திருந்தால் குஞ்சுகள் போயிருந்தாலும் அந்த நாலு கோழியாவது இருந்திருக்கும்.

தீவனம் நன்றாக இருக்கிறது. குஞ்சுக்குப் போடுகிற ஸ்டார்ட்டர் தீவனம் புதிதாக இருக்கும், பூஞ்சை வாசம் இல்லை, சில்லறையாகவும் கொடுக்கிறார், எடை சரியாக இருக்கும். தண்ணீர்க் குடுவை, தீவனத் தட்டு எல்லாம் டவுனை விட விலை குறைவு. குஞ்சு மட்டும் வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால் எந்தத் தேதியில் எந்த மருந்து என்று சீட்டில் எழுதி வாங்குங்கள், எழுத யோசித்தால் திரும்பி வந்துவிடுங்கள். எங்கள் தெருவில் இப்போது ஐந்து வீடு சேர்ந்து ஒரு குப்பி வாங்கி ஒரே காலையில் எல்லாக் கோழிக்கும் போட்டுவிடுகிறோம், ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவருவது என் வேலை.

கழுத்து முறுக்கின பொட்டை பிழைத்துக்கொண்டது. கழுத்து இன்னும் லேசாகக் கோணல்தான், அம்மிச்சி அதற்கு மட்டும் கையில் வைத்துத் தீனி கொடுக்கிறார்.

ஜிபே உண்டு. ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மேல் போகாதீர்கள், மூடிவிடுவார்.