இரும்பா, ஸும்பாவா, சிலம்பமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் உடற்பயிற்சி தொடங்க நினைப்பவர் கண்ணில் மூன்று வழிகள் படும்: கடைவீட்டு மாடியில் ஜிம், தாமான் (குடியிருப்பு) திடலில் பாட்டுக்கு ஆடும் ஸும்பா, கோயில் பக்கம் சிலம்ப வகுப்பு. முதலில் எதில் சேரலாம் என்று கேட்டால் என் ஓட்டு ஜிம்முக்கு. கண்ணாடிக்காகவோ குளிரூட்டிக்காகவோ இல்லை.

"நாங்க தூக்காத பாரமா?" என்று தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை அறுத்தவர்கள் சிரிப்பார்கள். நியாயம்தான், ஒரு குலையே 20 கிலோ வரும். ஆனால் இடுப்பு வலிக்கிறது என்று குலை எடை குறைத்துக்கொள்வதில்லை. ஜிம்மில் பாரம் நம் கையில். பெரிய பார்பெல் கம்பி மட்டுமே 20 கிலோ. அது அதிகம் என்றால் 5 கிலோ டம்பெல் போதும். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியப் பழகி, பத்துத் தடவை சுலபமாக வந்த பிறகு கொஞ்சம் ஏற்றலாம். இப்படிப் படிப்படியாக ஏற்றினால்தான் தசை பலப்படும். ஸ்குவாட் (குந்தி எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரம் தூக்குவது), நெஞ்சுக்கு ஒரு தள்ளல், முதுகுக்கு ஓர் இழுப்பு: புதியவருக்கு இந்த நான்கே நிறைய. வந்த முதல் வாரமே ஒவ்வொரு தசைக்கும் ஒரு நாள் என்று அட்டவணை நீட்டும் மாஸ்டர் இருந்தால், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். வேலை செய்யும் தசை, இன்சுலின் துணை இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மருந்து எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்; பயிற்சி நேரத்தில் சர்க்கரை இறங்கிப்போகலாம்.

கொலம்பியாவில் பிறந்த ஸும்பா, இங்கே குத்துப்பாட்டுக்கு ஆடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட வருவதால் மட்டம் போட முடியாது. அதில் ஜிம் தோற்றுவிடும். மூச்சுக்கும் இதயத்துக்கும் நல்லது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவு, கூடவே 2 நாள் தசைப் பயிற்சி. ஸும்பா முதல் பாதியைத்தான் முடித்துக் கொடுக்கும். முட்டி வலி உள்ளவர்கள் குதிக்காமல் நடையாகவே ஆடலாம்.

சிலம்பம் வேறு ரகம். மணிக்கட்டு, தோள், கால் வைப்பு, கவனம் எல்லாம் தேறும். நல்ல ஆசான் அமைய வேண்டும், பொறுமையும் வேண்டும். பதினைந்து வயதுப் பையனுக்கு ஜிம்மைவிட இதையே சொல்வேன். ஐம்பது வயதில் கால் பலம் தேடுபவருக்கு இது மட்டும் போதாது.

காசு இடித்தால் ஜிம் 2 நாள், ஸும்பா 1 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். தினசரிக் கட்டணம் வாங்கும் ஜிம் இருந்தால் அதுவே லாபம். வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி என்று ஆசை காட்டினாலும் முதல் மூன்று மாதம் மாதக் கணக்கிலேயே கட்டுங்கள்.